தீவுகளில் நீரிழிவும் செவிலியின் பொறுப்பும்

நோய்களை வந்து போவன என்றும் வந்து தங்குவன என்றும் இரு வகையாகப் பகுக்கலாம். அந்தமான் நிகோபார்த் தீவுகளின் சுகாதார வரலாறு பெரும்பாலும் முதல் வகை நோய்களோடு நடந்த போராட்டத்தின் வரலாறேயாகும். மலேரியாவும் வயிற்றுப்போக்கும் எலிக்காய்ச்சலும் இங்கு வாழ்ந்தோரை நெடுங்காலம் வாட்டி வந்தன. அவ்வகை நோய்களில் மருத்துவர் மருந்து கொடுக்கிறார். நோயாளி தேறி எழுந்து வீடு செல்கிறார். அத்துடன் கணக்குத் தீர்கிறது. நீரிழிவு அத்தகையதன்று. நாற்பது வயதில் ஒருவரைப் பற்றும் இந்நோய் இருபது முப்பது ஆண்டுகள் அவருடனேயே வாழ்கிறது. அவ்வளவு காலத்திலும் அவர் மருத்துவரை நேரில் காணும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்குச் சில மணிக்கு மேல் தேறாது. எஞ்சிய நாட்களிலெல்லாம் நோயைப் பார்த்துக்கொள்பவர்கள் நோயாளியும், அவர் வீட்டாரும், அவர்களுக்கு வழி சொல்லும் செவிலியுமே ஆவர்.

இஃது எவ்விடத்துக்கும் பொருந்தும். எனினும் பெருநிலத்தில் மருந்து தீர்ந்தால் அடுத்த தெருவில் வாங்கலாம். மயக்கம் வந்தால் வண்டி ஏறிப் பெரிய ஊருக்குச் செல்லலாம். தீவில் இவ்விரண்டுக்கும் கடல் குறுக்கே நிற்கிறது. ஆகவே இத்தீவுகளில் வயது வந்தோரின் நீரிழிவுப் பராமரிப்பைச் செவிலியை மையமாகக் கொண்டே அமைக்க வேண்டும் என்பதும், அதற்குரிய பயிற்சி, கருவி, மருந்திருப்பு, வரையறுத்த அதிகாரம் ஆகிய நான்கையும் அவருக்கு அளிக்க வேண்டும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாகும். வெளியூழியர்களும் ஆசிரியர்களும் இதனை ஆராய்ந்து பார்ப்பார்களாக.

நோயின் இயல்பு

நாம் உண்ணும் அரிசி, கிழங்கு, பழம் முதலியவற்றிலுள்ள மாவுப்பொருள் குளுகோஸ் என்னும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அதனை உடலின் அணுக்கள் ஏற்றுப் பயன்படுத்துவதற்கு இன்சுலின் என்னும் சுரப்புநீர் தேவை. அதனைச் சுரப்பது இரைப்பைக்குப் பின்னால் அமைந்த கணையம். இன்சுலின் சுரக்கும் அணுக்கள் அழிவதால் வருவது முதல் வகை நீரிழிவு. இது பெரும்பாலும் இளவயதில் தோன்றும். இன்சுலின் ஊசியின்றி இந்நோயாளர் உயிர்வாழ இயலாது. சுரக்கும் இன்சுலின் போதாமலும், சுரந்ததும் சரிவர வேலை செய்யாமலும் வருவது இரண்டாம் வகை. வயது வந்தோரிடம் நாம் காணும் நீரிழிவில் மிகப் பெரும்பகுதி இதுவே.

1921-ஆம் ஆண்டில் கனடா நாட்டின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் ஆகிய இருவரும் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் அது முதன்முதலாக ஒரு சிறுவனுக்குச் செலுத்தப்பட்டது. அதற்கு முன் முதல் வகை நீரிழிவு என்றால் மரணம் என்றே பொருள். இன்று மருந்து உண்டு. ஆனால் மருந்து உலகில் இருப்பது வேறு. உரிய நாளில் உரிய அளவில் அது நோயாளியின் உடலைச் சென்றடைவது வேறு. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவைக் கடப்பதே செவிலியின் வேலை.

இரண்டாம் வகை நோய் ஓசையின்றி வருவது. மிகுந்த தாகம், அடிக்கடி சிறுநீர் கழித்தல், காரணமற்ற மெலிவு, ஆறாத புண் ஆகிய குறிகள் தோன்றுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே சர்க்கரை உயர்ந்திருக்கக் கூடும். வெறும் வயிற்றில், 100 மில்லிலிட்டர் பிளாஸ்மாவில் 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேலும், 75 கிராம் குளுகோஸ் பருகி இரண்டு மணி நேரம் கழித்து 200 மில்லிகிராம் அல்லது அதற்கு மேலும் சர்க்கரை இருப்பது நீரிழிவின் அடையாளம். கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரியைக் காட்டும் ஹீமோகுளோபின் ஏ1சி என்னும் சோதனையில் 6.5 விழுக்காடும் அதற்கு மேலும் அவ்வாறே. வெளிக்குறிகள் இல்லாதவரிடம் இன்னொரு முறை சோதித்து உறுதி செய்தல் வேண்டும். விரல்நுனியில் குத்தி எடுக்கும் சோதனை ஐயத்தை எழுப்புவதற்கும் சிகிச்சையைக் கண்காணிப்பதற்கும் உதவுமேயன்றி, நோய் உண்டு என முடிவு கட்டப் போதாது. இரத்தசோகை உள்ளவரிடம் ஏ1சி அளவும் பிறழக்கூடும்.

கணக்கில் வராத தீவுகள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் 2008 முதல் 2020 வரை 1,13,043 பேரிடம் நடத்தப்பெற்ற நாடு தழுவிய ஆய்வின் முடிவு 2023-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 20 வயது நிரம்பியோரில் 11.4 விழுக்காட்டினர்க்கு நீரிழிவும், 15.3 விழுக்காட்டினர்க்கு அதன் முன்நிலையும் இருப்பதாக அது கணித்தது. எண்ணிக்கையாகச் சொன்னால் நீரிழிவாளர் மட்டும் ஏறத்தாழ 10 கோடி. நாட்டுக்கு இது பேருதவியான ஆய்வே. ஆயினும் அதில் இடம் பெற்றவை 28 மாநிலங்களும், டெல்லி, சண்டீகர், புதுச்சேரி ஆகியனவும் மட்டுமே. அந்தமான் நிகோபார்த் தீவுகள் அதில் இல்லை. 2019-21-இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வு தீவுகளிலும் சர்க்கரையை அளந்தது. எனினும் அது உணவு நேரம் பாராது எடுத்த ஒரே அளவாதலால், நோயை உறுதி செய்யும் கணக்காகாது.

தீவுகள் சிறியவை, மக்கள் தொகை குறைவு, ஆகவே விட்டுப்போனால் குற்றமில்லை என்று கருதலாகாது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இங்கு 3,80,581 பேர் வாழ்ந்தனர். சிறிய தீவில் உணவு மாறினால் நோய் எவ்வளவு விரைவாகப் பெருகும் என்பதற்குப் பசிபிக் கடலிலுள்ள நவுரு தீவு சான்றாகும். பாஸ்பேட் சுரங்கத்தால் செல்வம் வந்தது. மீனுக்கும் கிழங்குக்கும் தேங்காய்க்கும் பதிலாகக் கப்பலில் வந்த மாவும் சர்க்கரையும் டின் இறைச்சியும் உணவாயின. 1970-களின் நடுவில் ஆராய்ந்தபோது வயது வந்தோரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர்க்கு நீரிழிவு இருக்கக் கண்டனர்.

நம் தீவுகளில் நவுருவின் கதை அப்படியே நடக்கிறது என்று சொல்ல இயலாது. ஆனால் எச்சரிக்கை கொள்ளக் காரணம் உண்டு. நிகோபாரி மக்களின் பழைய உணவு தேங்காய், தாழை இனத்துக் கனி, கிழங்கு, மீன், பன்றி இறைச்சி என்பனவாம். அவற்றைப் பெறுவதற்கு மரம் ஏறவும், தோண்டவும், தோணி வலிக்கவும் வேண்டும். உணவும் உழைப்பும் ஒன்றாகவே இருந்தன. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை கார் நிகோபார், கச்சால், நன்கௌரி முதலிய தீவுகளில் எண்ணற்ற உயிர்களைக் கவர்ந்ததோடு தென்னந்தோப்புகளையும் வளர்ப்புப் பன்றிகளையும் அழித்தது. அதன் பின்னர் நிவாரண அரிசியும் பருப்பும் சர்க்கரையும் வந்தன. பசி தீர்க்க அவை தேவைப்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆனால் புதிய தென்னை காய்ப்பதற்குள் ஒரு தலைமுறை புதிய உணவுக்குப் பழகிவிட்டது. இம்மாற்றத்தின் விளைவை அளந்தறிய வேண்டியது கடமை. கார் நிகோபாரில் உயர் இரத்த அழுத்தம் மிகுந்திருப்பதை 1983-இல் தொடங்கப்பெற்ற மண்டல மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தார் முன்னரே காட்டியுள்ளனர். நீரிழிவும் இரத்த அழுத்தமும் கைகோத்து நடப்பவை என்பதை நாம் மறத்தலாகாது.

இங்கு ஒரு வரையறை கூற வேண்டும். சென்டினல் தீவினர், ஜாராவா, ஷோம்பென் முதலிய தொல்குடியினரிடம் வெளியார் சென்று சோதிப்பது பற்றி இக்கட்டுரை பேசவில்லை. அவர்கள் வாழ்வில் தலையிடாமையே அவர்களுக்குச் செய்யும் முதல் சுகாதாரப் பணியாகும்.

கடலும் மருந்தும்

தீவுக்கூட்டம் வடக்கிலிருந்து தெற்காக 700 கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கிறது. மக்கள் வாழும் தீவுகள் முப்பதுக்கும் மேற்பட்டவை. மூன்று மாவட்டங்களுக்கும் சேர்த்துத் தலையாய மருத்துவமனை, 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் பெற்ற போர்ட் பிளேயரிலுள்ள கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையாகும். மாயாபந்தரிலும் கார் நிகோபாரிலும் மாவட்ட மருத்துவமனைகள் உள்ளன. கிரேட் நிகோபாரின் காம்ப்பெல் விரிகுடாவிலிருந்து தலைநகரை அடையக் கப்பலில் 500 கிலோமீட்டருக்கு மேல் செல்ல வேண்டும். ஹெலிகாப்டர் உண்டு, ஆனால் அதில் இடம் சில, வானிலையும் இடம் கொடுக்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கடல் கொந்தளித்தால் கப்பல் பல நாட்கள் தாமதிப்பது தீவினர் யாவரும் அறிந்ததே.

இந்நிலையில், மாதந்தோறும் வந்து முப்பது நாள் மாத்திரை பெற்றுச் செல்க என்னும் முறை பெருநிலத்துக்குப் பொருந்தலாம், தீவுக்குப் பொருந்தாது. நோயாளிக்கு மருந்து அளிக்கும் கணக்கை நாட்காட்டியை வைத்து அன்று, கப்பல் வரும் கணக்கை வைத்து வகுக்க வேண்டும். மெட்ஃபார்மின் போன்ற மாத்திரை விலை மலிவானது, குளிர்ப்பெட்டி வேண்டாதது, உலர்ந்த இடத்தில் நெடுநாள் கெடாதது. மே மாதத்துக்கு முன்பே மூன்று மாத மருந்தைத் தொலைதூரத் தீவின் ஒவ்வொரு துணை மையத்திலும் இருப்பு வைப்பதால் அரசுக்கு நேரும் கூடுதல் செலவு சிறிது. மருந்து நின்றதால் கண்ணையோ காலையோ சிறுநீரகத்தையோ இழந்த ஒருவருக்காகும் செலவோ பெரிது.

இன்சுலினின் நிலை வேறு. திறக்காத குப்பியை 2 முதல் 8 டிகிரி சென்டிகிரேடு வரையிலான குளிரில் வைக்க வேண்டும். உறைந்து போகவும் விடலாகாது. உறைந்த இன்சுலின் உருகிய பின்னும் பயன்படாது. திறந்த குப்பியைப் பொதுவாக 25 அல்லது 30 டிகிரிக்கு மிகாத இடத்தில் நான்கு வாரம் வரை பயன்படுத்தலாம். குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் ஈர மணல் இட்ட மண்பானைக்குள் குப்பியை வைக்குமாறு நாம் சொல்லுகிறோம். இது நல்ல முறையே. ஆனால் அதன் விஞ்ஞானத்தையும் அறிதல் வேண்டும். பானையின் புறத்தில் நீர் ஆவியாகும்போது வெப்பத்தைக் கவர்ந்து செல்வதால் உள்ளே குளிர்ச்சி உண்டாகிறது. உலர்ந்த காற்றுள்ள கோடையில் இது நன்கு நடக்கும். ஈரம் மிகுந்த தீவுக் காற்றில் ஆவியாதல் குறைவாதலால் சில டிகிரிதான் இறங்கும். ஆகவே திறந்த குப்பிக்குப் பானை போதும். இருப்பு மருந்துக்குப் போதாது. தடுப்பூசிக்குரிய குளிர்ப்பெட்டியில் பிற மருந்துகளை வைத்தலாகாது என்பது விதி. எனவே இன்சுலின் வழங்கும் ஒவ்வொரு மையத்துக்கும் தனிக் குளிர்ப்பெட்டி ஒன்றும், மின்சாரம் நின்றால் அதனை இயக்கச் சூரிய ஒளி மின்கலமும் கேட்பது ஆடம்பரமன்று.

ஊசி போடுவதிலும் ஓர் அபாயம் உண்டு. நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் வலிமையுடையது. பேனாவில் இடும் குழாயில் வருவது 100 யூனிட். 40-க்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. 100-க்குரியதன் மூடி ஆரஞ்சு. பேனாவுக்கு ஊசிமுனை கிடைக்கவில்லை என்று அதன் குழாயிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் மருந்தை உறிஞ்சினால், நோயாளி பெறுவது குறித்த அளவைப் போல் இரண்டரை மடங்காகும். குழாயையும் சிரிஞ்சையும் ஒருங்கே அருகில் வைத்து, எண்ணை உரக்கப் படித்த பின்னரே மருந்தை ஏற்றும் வழக்கத்தை ஒவ்வொரு செவிலியும் கொள்வதோடு, நோயாளியின் வீட்டாருக்கும் கற்பித்தல் வேண்டும். ஒரே இடத்தில் நாளும் குத்தினால் தோலடியில் கட்டி தோன்றி மருந்து சரிவரச் சேராது. இடம் மாற்றிப் போடுகிறாரா என்பதைக் கையால் தடவிப் பார்ப்பது ஒரு நிமிட வேலை.

மிகையும் குறைவும்

சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதன் பயன் ஐயத்துக்கிடமின்றி நிலைநாட்டப்பெற்றது. பிரிட்டனில் 1977-இல் தொடங்கி 1998-இல் முடிவு வெளியான பேராய்வில், புதிதாக நோய் கண்டவர்களுள் தீவிர சிகிச்சை பெற்றோரின் ஏ1சி 7.0 ஆகவும் மற்றோருடையது 7.9 ஆகவும் இருந்தது. இச்சிறு வேற்றுமையே கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழாய்க் கேடுகளை நான்கில் ஒரு பங்கு குறைத்தது. ஆனால் இதன் மறுபுறமும் உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் இதயநோய் அபாயம் உள்ள முதியோரின் ஏ1சி அளவை 6-க்குக் கீழே இறக்க முயன்ற ஆய்வில், அப்பிரிவினரிடையே மரணம் மிகுந்ததால் 2008-இல் அச்சிகிச்சையை நிறுத்தினர். இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பவர்க்கே உண்மை விளங்கும். நடுவயதினர்க்கு 7 விழுக்காட்டை ஒட்டிய இலக்கு தகும். தள்ளாத முதியோர்க்கு 8 வரை விட்டுக்கொடுப்பது அறிவுடைமை.

சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்குவதே தாழ்நிலை. வியர்வை, நடுக்கம், படபடப்பு, பசி ஆகியவை முதற்குறிகள். பின்னர்ப் பேச்சுக் குழறும், புத்தி தடுமாறும், முடிவில் நினைவு தப்பும். குடித்திருக்கிறார் என்றோ, அணங்கு பிடித்தது என்றோ அயலார் எண்ணக்கூடும். உயர்நிலைச் சர்க்கரை உடலைக் கெடுப்பதற்கு ஆண்டுகள் எடுக்கும். தாழ்நிலைச் சர்க்கரை ஒரு மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக் கூடும். ஆகவே எதுவென்று தெரியாதபோது சர்க்கரை கொடுப்பதே முறை. நினைவுள்ளவர்க்கு 15 கிராம், அதாவது மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். தீவில் எளிதில் கிடைக்கும் இளநீரை இதற்கு நம்புதல் தகாது; அதிலுள்ள சர்க்கரை குறைவு, காய்க்குக் காய் வேறுபடுவது. நினைவற்றவர் வாயில் எதனையும் ஊற்றலாகாது. நாளத்தின் வழியாகக் குளுகோஸோ தசையில் குளுககான் ஊசியோ செலுத்த வேண்டும்.

இதில் செவிலி மட்டுமே காக்கக்கூடிய ஓரிடம் உண்டு. கிளிபென்கிளமைடு, கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரை உண்டவரின் சர்க்கரை, குளுகோஸ் கொடுத்ததும் ஏறி, சில மணி நேரம் கழித்து மீண்டும் இறங்கும். சிறுநீரகம் பழுதுற்ற முதியவரிடம் இவ்வபாயம் ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும். கண் விழித்துப் பேசுகிறார், மாலைப் படகு புறப்படப் போகிறது என்று அவரை அனுப்பிவிட்டால், நடுக்கடலில் அவர் மறுபடியும் மயங்குவார். ஓர் இரவு வைத்துக்கொள்ளுங்கள் என்று உறுதியாகச் சொல்லும் உரிமை செவிலிக்கு வேண்டும்.

காய்ச்சலும் வாந்தியும் வந்த நாட்களில் நேரும் தவறு இதற்கு எதிரானது. உணவு செல்லவில்லை என்று நோயாளி இன்சுலினை அடியோடு நிறுத்திவிடுகிறார். முதல் வகை நோயாளிக்கு இது உயிராபத்து. நோயுற்ற நாளில் உடலுக்கு இன்சுலின் தேவை மிகுவதே இயல்பு. நான்கு மணிக்கு ஒருமுறை சோதித்து அளவைத் திருத்தலாமேயன்றி முற்றும் நிறுத்தலாகாது. வாந்தியாலும் பேதியாலும் உடல் வறண்டவர்க்கு மெட்ஃபார்மினைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டும். நீர் அருந்த இயலாதவர், மூச்சு வாங்குபவர், மயங்கியவர் ஆகியோரை மேல் மருத்துவமனைக்கு உடனே அனுப்ப வேண்டும். தீவில் இவ்விதியோடு இன்னொன்றையும் சேர்த்துக் கொள்க: வானம் தெளிந்திருக்கும்போதே அனுப்புக, நிலை முற்றும் வரை பொறுத்தால் கடல் பொறுக்காது.

பாதத்தைப் பார்த்தல்

பவளப்பாறையிலும் சுடுமணலிலும் வெறுங்காலுடன் நடப்போர் பலர் வாழும் இடம் இது. நீரிழிவால் நரம்பு மரத்த பாதத்தில் சிப்பி கீறினாலும் தெரியாது. வலி இல்லாத புண்ணை எவரும் பொருட்படுத்துவதில்லை. அழுகிய பின்னரே ஆஸ்பத்திரிக்கு வருகின்றனர். பாதத்தைச் சோதிக்கப் பெருங்கருவி ஒன்றும் வேண்டாம். நோயாளியைக் கண் மூடச் செய்து இரு பாதங்களிலும் பெருவிரல், நடுவிரல், சிறுவிரல் ஆகியவற்றின் நுனியைச் செவிலி தன் விரலால் ஓரிரு விநாடி மெல்லத் தொட வேண்டும். ஆறு இடங்களுள் இரண்டிலோ அதற்கு மேலோ தொட்டது தெரியவில்லையெனில் அப்பாதம் அபாயத்தில் இருப்பதாகக் கொள்ளலாம். தொழுநோயாளர்க்கென உருவான மெல்லிய ரப்பர்ச் செருப்பே இவர்களுக்கும் ஏற்றது. ஒவ்வொரு வருகையிலும் செருப்பைக் கழற்றச் சொல்லிப் பாதத்தைக் காணாத செவிலி, நோயாளியைப் பாதிதான் பார்த்தவராவார்.

அதிகாரம் வேண்டுமா?

2010-இல் தொடங்கிய தொற்றா நோய்த் தடுப்புத் தேசியத் திட்டமும், 2018 முதல் அமைக்கப்பட்டு இன்று ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் எனப்படும் மையங்களும், 30 வயது நிரம்பியோரைச் சோதிக்கும் பணியைக் கீழ்நிலை வரை கொண்டு வந்துள்ளன. துணை மையத்திலுள்ள சமுதாய சுகாதார அலுவலருள் பலர் செவிலியர் பயிற்சி பெற்றோரே. மருத்துவர் எழுதிய மருந்தைத் தொடர்ந்து வழங்க அவர்களுக்கு இடமுண்டு. 2019-இல் தொடங்கிய இ-சஞ்சீவனி வழியே தொலைவிலுள்ள மருத்துவரிடம் ஆலோசனை பெறவும் இயலும். ஆகவே நாம் கேட்பது புதிய கட்டடமன்று; எழுந்து நிற்கும் கட்டடத்தின் மேல் ஒரு படி மட்டுமே. மருத்துவர் கையொப்பமிட்ட நிலையாணை ஒன்று ஒவ்வொரு மையத்திலும் இருக்க வேண்டும். எந்த அளவுக்கு மேல் மாத்திரையைக் கூட்டலாம், எந்த அளவுக்குக் கீழ் இன்சுலினை எத்தனை யூனிட் குறைக்கலாம், எப்போது மருத்துவரைக் கேளாமல் ஒன்றும் செய்யலாகாது என்பவை அதில் வரையறுக்கப்பட வேண்டும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழும். செவிலி மருத்துவரல்லர், அளவை மாற்றினால் ஆபத்து என்பது முதல் மறுப்பு. ஆபத்து உண்மையே. ஆனால் மருத்துவர் அருகிலிருக்கும் நிலையோடு இதனை ஒப்பிடுவது தவறு; எவரும் அளவை மாற்றாமல் ஆறு மாதம் கழியும் நிலையோடு ஒப்பிட வேண்டும். முதல்நிலைப் பராமரிப்பில் மருத்துவருக்குப் பதிலாகச் செவிலியர் பணியாற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியான காக்ரேன் அறிக்கை, நோயாளிகளின் நலன் குறையவில்லை, சிலவற்றில் மேம்பட்டது எனக் காட்டுகிறது. அவ்வாய்வுகள் பெரும்பாலும் செல்வ நாடுகளில் நடந்தவை. ஆதலால் இங்கு ஒரு மாவட்டத்தில் தொடங்கி, ஈராண்டு கவனித்து, பிறகு விரிப்பதே முறை.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலியது. தடுப்பூசி, பிரசவம், காசநோய், எண்ணற்ற பதிவேடுகள் ஆகியவற்றின் கீழ் அமிழ்ந்திருக்கும் செவிலியின் தலையில் இன்னொரு சுமையை ஏற்றலாமா? ஏற்றலாகாது. ஆள் கூட்டாமல் பொறுப்பை மட்டும் கூட்டுவது அநீதி. வாரத்தில் ஒரு நாளை இந்நோய்க்கென ஒதுக்கி, அன்று வேறு பணி தராதிருத்தல் வேண்டும். புதிய பதிவேடு கொடுப்பதற்கு முன் பழையது ஒன்றை நீக்க வேண்டும். நோயாளிக்கு ஒரே வரி. அதில் சர்க்கரை, இரத்த அழுத்தம், பாதம், கண், சிறுநீரிலுள்ள ஆல்புமின், மருந்து தீரும் நாள் என ஆறு கட்டங்கள் போதும். அவ்வரியைப் பார்த்த மாத்திரத்தில் யாரைத் தேடிச் செல்ல வேண்டும் என்பது விளங்கிவிடும்.

தீவுச் செவிலியால் இயலுமா என்று ஐயுறுவோர், லிட்டில் அந்தமானின் டுகாங் கிரீக்கில் ஓங்கே மக்களிடையே பணிபுரிந்து 2011-ஆம் ஆண்டில் பத்மஸ்ரீ விருது பெற்ற சாந்தி தெரசா லக்ரா அம்மையாரை நினைத்துப் பார்க்கட்டும். அரிய செயலைச் செய்தவரைப் பாராட்டுவது நாட்டுக்கு அழகு. அரிய செயல் தேவைப்படாமலே பணி நடக்குமாறு ஏற்பாடு செய்வது நிர்வாகத்துக்கு அழகு.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை

இத்தீவுகளில் வங்காளம், இந்தி, தமிழ், தெலுங்கு, மலையாளம், நிகோபாரி எனப் பல மொழிகள் வழங்குகின்றன. செவிலியின் மொழியும் நோயாளியின் மொழியும் பல வேளைகளில் ஒன்றாக இரா. இரண்டையும் அறிந்தவர் பெரும்பாலும் பள்ளியில் படிக்கும் பேரக் குழந்தையே. பாட்டிக்கு வியர்த்து நடுங்கினால் முதலில் சர்க்கரைத் தண்ணீர், பிறகு செவிலிக்குச் செய்தி என்னும் ஒரு பாடத்தை ஐந்தாம் வகுப்பு மாணவனுக்குக் கற்பிக்க அரை மணி போதும். மண்பானையில் நீர் ஆவியாவதைச் சோதனையாகச் செய்து காட்டினால் அது பௌதிகப் பாடமும் ஆகும். இன்சுலின் பாடமும் ஆகும். வகுப்பில் முதல் வகை நீரிழிவுள்ள குழந்தை இருப்பின், அதனை விலக்கி வைக்காமலும், விளையாட்டைத் தடுக்காமலும், மேசையில் சிறிது சர்க்கரை எப்போதும் இருக்குமாறு பார்த்துக்கொள்வதே ஆசிரியரின் கடமை.

நீரிழிவைத் தீர்க்கும் மருந்து இன்னும் நம் கையில் இல்லை. ஆனால் அதனோடு கண்ணும் காலும் சிறுநீரகமும் கெடாமல் முதுமை வரை வாழும் வழி தெரிந்திருக்கிறது. அவ்வழி கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனையில் உள்ளவர்க்கும் காம்ப்பெல் விரிகுடாவில் உள்ளவர்க்கும் ஒன்றே. இவர்களுள் ஒருவர் கால் இழப்பதும் மற்றவர் இழவாமையும் கடலின் குற்றமாகாது. கடலைக் கணக்கிற் கொள்ளாமல் நாம் வகுத்த முறையின் குற்றமேயாகும். அடுத்த பருவக்காற்றுக்கு முன், தம் மையத்திலுள்ள மாத்திரை எத்தனை நாளுக்கு வரும் என்று ஒவ்வொரு வெளியூழியரும் எண்ணிப் பார்த்து மேலதிகாரிக்கு எழுதட்டும். எழுதியதற்கு விடை அனுப்ப வேண்டியது மேலதிகாரியின் பொறுப்பு.